நெஞ்சுக்கும் முஷ்டிக்கும் இடைப்பட்ட வெளி: நீளப் பட்டர் பற்றிய ஓர் ஆய்வுக்கான முன்னாய்வு

கோல்ஃப் என்பது பந்தைக் குழியில் தள்ளும் ஆட்டம் என்பர் பாமரர். இக்கூற்றில் பிழை ஏதும் இல்லாததால் ஆய்வுலகம் இதை ஏற்பதில்லை. குழியின் விட்டம் 4.25 அங்குலம். பந்தின் விட்டம் 1.68 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கணக்குப்படி குழி பந்தைவிட இரண்டரை மடங்கு அகலம். இருந்தும் வீடு, வாசல், பென்ஷன் உள்ள பெரிய மனிதர்கள் மூன்றடி தூரத்திலிருந்து அதைத் தவறவிட்டுவிட்டுக் கையிலிருக்கும் பட்டர் என்னும் கோலை முறைக்கிறார்கள். அந்த முறைப்பே நீளப் பட்டரின் மூலம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

முன்னோர் கருத்தை முதலில் காண்போம். கோல்ஃபுக்கு எழுதப்பட்ட பழைய விதிகள் 1744இல் ஸ்காட்லாந்தின் லீத் ஊரில் தோன்றின. மொத்தம் 13 விதிகள். நச்சினார்க்கினியர் அதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பே காலமாகிவிட்டதால் உரை எழுதவில்லை. எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார் என்பதை வைத்து மூன்று முனைவர் பட்டம் வாங்கலாம். இடமின்மையால் விடுகிறேன்.

பட்டர் மூவகைப்படும். குட்டைப் பட்டர், 33 முதல் 35 அங்குலம், சொல்ல ஒன்றுமில்லை. வயிற்றுப் பட்டர், பிடியின் நுனி தொப்புளருகே ஊன்றுவது. தொப்பை உடையார்க்கும் இல்லார்க்கும் பொது. மூன்றாவது துடைப்பப் பட்டர். ஏறக்குறைய 50 அங்குலம், நெஞ்சு வரை வரும். மேல் கை பிடியின் உச்சியைப் பற்றி அசையாமல் நிற்கும். கீழ்க் கை கோலை ஊசல்போல் தள்ளும். மணிக்கட்டு நினைத்த நேரத்தில் துள்ள வழியில்லை. குழிக்குப் பக்கத்தில் வந்ததும் கை வெட்டி இழுக்கிற 'யிப்ஸ்' என்ற வியாதிக்கு இதுவே மருந்து. தொலைவிலிருந்து அடிக்கும்போது வேகம் பிடிபடாமல் போவது பக்கவிளைவு (கோல் பை சுமக்கும் கேடி ஒருவர், வாய்மொழி).

வரலாறு சுருக்கமானது. ஆர்வில் மூடி 1989இல் அமெரிக்க சீனியர் ஓபனை நீளப் பட்டரால் வென்றபோது யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. வயதானவர்கள், பாவம், ஆடிவிட்டுப் போகட்டும். 2011இல் கீகன் பிராட்லி என்ற இளைஞர் வயிற்றுப் பட்டரோடு பிஜிஏ சாம்பியன்ஷிப்பை வென்றார். 2012இல் வெப் சிம்ப்சனும் அதே வகைப் பட்டரோடு அமெரிக்க ஓபனை வென்றார். சட்டம் விடும்வரை நானும் ஊரோடு சேர்ந்து ஏமாற்றுவேன் என்று முன்பே வெளிப்படையாகச் சொல்லியிருந்த எர்னி எல்ஸ், அதே 2012இல் பிரிட்டிஷ் ஓபனை வென்றார். அன்று கடைசி நான்கு குழிகளிலும் தலா ஓர் அடியைக் கோட்டைவிட்டுத் தோற்றவர் ஆடம் ஸ்காட்; அவர் கையில் இருந்ததும் நீளப் பட்டர்தான். 2013 ஏப்ரலில் அதே ஸ்காட் அதே வகைக் கோலால் மாஸ்டர்ஸ் வென்றார். அடுத்த மாதமே தடை அறிவிப்பு. நடைமுறை 1.1.2016 முதல்.

தடை கோலுக்கு அன்று. இதை எத்தனை முறை சொன்னாலும் கிளப் உறுப்பினர் மண்டையில் ஏறுவதில்லை. மற்றக் கோல்களுக்கு 48 அங்குல உச்சவரம்பு உண்டு, பட்டருக்குக் கிடையாது; தென்னை மர உயரத்துக்குச் செய்துகொண்டு போனாலும் நீளத்தைக் காட்டி யாரும் தடுக்க முடியாது. தடுக்கப்பட்டது ஊன்றல். கோலையோ அதைப் பற்றிய கையையோ உடம்பில் ஊன்றி அடிக்கலாகாது. முன்கையை உடம்பில் ஊன்றிக் கையை அச்சாக்குவதும் ஆகாது. மீறினால் இரண்டு அடி தண்டம். ஆனால் அதே விதி, கை உடம்பிலோ உடையிலோ வெறுமனே பட்டால் குற்றமில்லை என்கிறது.

இங்கேதான் ஆய்வு தொடங்குகிறது.

படுதல் யாது, ஊன்றல் யாது? முஷ்டி சட்டையில் படுகிறது. சட்டை நெஞ்சில் படுகிறது. ஆகவே முஷ்டி நெஞ்சில் படுகிறது என்பார் ஒரு சாரார் (கிளப் பார், வாய்மொழி, முதல் கிளாஸ்). சட்டை நெஞ்சின் பகுதியன்று, எனவே எதிலும் படவில்லை என்பார் மற்றொரு சாரார் (அதே பார், அதே நபர், மூன்றாம் கிளாஸ்). தொளதொள சட்டையில் காற்று புகுந்தால் வெளி பெருகும். மழையில் நனைந்தால் சுருங்கும். வியர்வையின்போது வெளி உண்டு என்றும் இல்லை என்றும் இருவகைப் பாடங்கள் கிடைக்கின்றன (லாக்கர் அறைக் கதவின் உட்புறம், பென்சில், பாதி அழிந்த நிலை, மறுபாதியை ஈரத்துண்டு ஒன்று மறைப்பதால், துண்டை விலக்கிப் படித்தவர் சொன்னதாக ஒருவர் சொன்னதை, அங்கே இல்லாத மூன்றாமவர் உறுதிப்படுத்தியது). இப்பாட பேதத்தைத் தீர்க்க வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்று அவசியம். பயணப்படி கேட்டு எழுதியிருக்கிறேன்.

2017இல் சீனியர் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் நீளப் பட்டர் ஆட்டக்காரர் பெர்ன்ஹார்ட் லாங்கரின் முஷ்டிக்கும் சட்டைக்கும் நடுவே வெளியைத் தேடிக் கண் நொந்தார்கள். அமெரிக்க கோல்ஃப் சங்கம் விளக்கம் தந்தது: மீறலுக்குச் சான்று இல்லை, ஆட்டக்காரரின் நோக்கமே முக்கியம். அதாவது மில்லிமீட்டர் கணக்கில் அளக்கப் போன பொருள் கடைசியில் மனசாட்சிக்குள் ஒளிந்திருக்கிறது. இதற்கு மெய்யியல் துறைக்கு மாற வேண்டும். அங்குள்ள நெறியாளரோ தம் பெயரை முதலாசிரியராகப் போட்டால்தான் கோலைப் பார்க்கவே சம்மதிப்பார். லாங்கர் எவருக்கும் காத்திராமல் 2023இல், 65 வயதில், நெஞ்சைவிட்டு விலக்கிப் பிடித்த நீளப் பட்டரோடு அமெரிக்க சீனியர் ஓபனை வென்றுவிட்டார். ஆய்வு முடியும்வரை ஆட்டக்காரர்கள் பொறுத்திருப்பதில்லை என்பது இத்துறையின் பெருங்குறை.

இடைப்பிறவரலாக ஒன்று. அபராதமின்றியோ அபராதத்தோடோ பந்தை வேறிடத்தில் போட ஒரு கோல் நீளம், இரு கோல் நீளம் என்று தரையில் அளப்பார்கள். பையிலுள்ள மிக நீளமான கோலே அளவுகோல். ஆனால் பட்டர் நீங்கலாக என்கிறது விதி. பையில் இருப்பவற்றிலெல்லாம் உயரமான ஒன்றுக்கு மட்டும் அளக்கும் உரிமை இல்லை. துறைத்தலைவர் தேர்விலும் இந்த நடைமுறையைக் கண்டிருக்கிறேன்.

சரி, நீளப் பட்டருக்கு மாறினால் ஆட்டம் தேறுமா? லூகாஸ் குளோவர் என்பவர் 2009இல் அமெரிக்க ஓபன் வென்றவர். பின்னர் யிப்ஸ் பிடித்துப் பல ஆண்டு அவதிப்பட்டு, 2023இல் நீளப் பட்டருக்கு மாறினார். அந்த ஆகஸ்டில் அடுத்தடுத்த இரு வாரங்களில் இரு பட்டங்களை வென்றார். இது தெளிவான, நேரான, எவரும் சரிபார்க்கக்கூடிய சான்று. ஆகவே ஆய்வேட்டில் பின்னிணைப்புக்குத் தள்ளப்படும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. எந்தக் கோலானாலும் தினம் அரைமணி நேரம் மூன்றடி தூரத்திலிருந்து அடித்துப் பழகினால் போதும் என்கிறார் அதே கேடி. அவருக்கு முனைவர் பட்டம் இல்லை. மேலும் அவர் சொல்வது சரியாக இருந்தால் இரண்டாம் தொகுதிக்கு வேலையே இருக்காது. அது ஏற்கெனவே அச்சில் இருக்கிறது.