மூன்றாம் பாகத்தில் உண்டு என்மனார் ரசிகர்

(இரண்டாம் பாகத்தால் நொந்தோரின் நம்பிக்கை குறித்த ஓர் ஆய்வு)

முன்னுரை

கார்காலத்தில் திரும்பி வருவதாகச் சொல்லிப் போன தலைவனுக்காக முல்லைத்திணைத் தலைவி காத்திருந்ததைப் பற்றி நம் பல்கலைக்கழகங்கள் சலிக்காமல் ஆராய்ந்து வந்திருக்கின்றன. ஆனால் ஒரு படத்தின் இரண்டாம் பாகத்தைப் பார்த்து நொந்துபோய், 'அடுத்த பார்ட்ல பாரு, பின்னிடுவாங்க' என்றபடி பார்க்கிங்கில் வண்டியைத் தேடும் ரசிகனை ஆய்வாளர்கள் எவரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. தலைவிக்கு மழை என்ற அடையாளமாவது இருந்தது. முதல் தூறல் விழுந்ததும் தேர் வரும் திசையைப் பார்க்கலாம். ரசிகனுக்கோ கிராஃபிக்ஸ் முடிய வேண்டும், பஞ்சாயத்து தீர வேண்டும், ஓடிடி வியாபாரம் படிய வேண்டும். இவற்றில் எது முந்தும் என்று தோழிக்கும் தெரியாது. இந்த ரசிகனை ஆய்வுலகம் கண்டுகொள்ளாத குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வு எல்லை

தமிழில் வெளிவந்த இரண்டாம் பாகங்கள் மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. 'பொன்னியின் செல்வன்', 'விடுதலை' போன்றவை ஒரே கதையை நடுவில் நறுக்கி இரண்டு தீபாவளி கொண்டாடியவை என்பதால் விலக்கப்படுகின்றன. முதல் படம் தானாக முடிந்து, மக்கள் வீட்டுக்குப் போய், கல்யாணம் காட்சி கண்டு, அதன்பின் கிளம்பி வந்த இரண்டாம் பாகங்களே நமக்கு உரியவை. 1979இல் வந்த 'கல்யாணராமன்' 1985இல் 'ஜப்பானில் கல்யாணராமன்' ஆனதிலிருந்து இம்மரபுக்குத் தொடர்ச்சி உண்டு. 'சாமி' 2003இலும் 'சாமி ஸ்கொயர்' 2018இலும் வந்தன. 'சந்திரமுகி' 2005இல் வந்தது. அதன் இரண்டாம் பாகம் வர 2023 ஆயிற்று. 'விஸ்வரூபம்' 2013இல் வந்து, 2018இல் மறுபடியும் எடுத்தது.

எனினும் நம் முதன்மைத் தரவு 'இந்தியன்'. முதல் பாகம் 1996 மே 9, இரண்டாம் பாகம் 2024 ஜூலை 12. இடையில் 28 ஆண்டுகள். முதல் பாகத்தைத் தாயின் மடியில் படுத்துப் பார்த்த குழந்தை, இரண்டாம் பாகத்துக்குத் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தது. இவ்வளவு நீண்ட பாலைத்திணை சங்கப் பாடல்களிலும் இல்லை.

கருதுகோள்

இரண்டாம் பாகம் சுமாராக இருந்தால் மூன்றாம் பாகத்தின் மீதான நம்பிக்கை குறையும் என்பதே பொதுப்புத்தி. அந்த நம்பிக்கைக்கும் இரண்டாம் பாகத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

கள ஆய்வு

'இந்தியன் 2' முடியும் நேரம். மூன்று மணி நேரம் மடங்கியிருந்த முழங்கால்களை நீட்டி எழுந்த கூட்டம் படிகளில் இறங்கத் தொடங்கியிருந்தது. ஒருவர் ஹெல்மெட்டையே மாட்டிவிட்டார். துடைப்பத்துடன் ஓர் அம்மா எக்ஸிட் கதவருகே வந்து நின்றுவிட்டார். அப்போது திரையில் 'இந்தியன் 3' ட்ரெய்லர் தொடங்கியது. வெள்ளைக்காரன் காலம், படத்தின் நாயகன் சேனாபதியின் தந்தையாக இன்னொரு கமல், போர். படியில் ஒரு கால் கீழே, ஒரு கால் மேலே வைத்தவர்கள் அப்படியே நின்றார்கள். ஹெல்மெட்காரர் முகக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அவருக்குப் பின்னால் நின்றவர் சொன்னார்:

"இதைத்தானண்ணே மொதல்லயே எடுத்திருக்கணும்."

"இருக்குல்ல தம்பி? அப்புறம் என்ன?"

இந்த 'அப்புறம் என்ன' ஆய்வுக்குரியது. ஐந்து நிமிடங்களுக்கு முன் இதே அண்ணன் பாப்கார்னின் விலையையும் படத்தின் நீளத்தையும் ஒரே வாக்கியத்தில் திட்டிக்கொண்டிருந்தவர். தீர்ப்பு எழுதப் பேனாவை எடுத்தவரிடம் வழக்கு ஒத்திவைக்கப்பட்டதாகச் சொல்லியாயிற்று. மோசமான படம் பார்த்தவராக அவர் வெளியே போகவில்லை. அடுத்த படத்துக்குக் காத்திருப்பவராகப் போனார். ட்ரெய்லரை வாசலில் வைத்தவர்கள் விவரம் அறிந்தவர்கள் என்பது வெள்ளிடைமலை. '2.0' (2018) இறுதியில் கட்டைவிரல் அளவு ரோபோவை உலவவிட்டதும் இதே உத்தியின் சிற்றுருவே.

நம்பிக்கை வாதங்களின் வகைப்பாடு

தேநீர்க்கடைகளிலும் இடைவேளைக் கழிப்பறை வரிசைகளிலும் திரட்டிய கூற்றுகளை நான்கு மதங்களாகப் பகுக்கலாம்.

ஒன்று, பந்தி மதம். இதன் மூலநூல் நாயகரின் மேடைப் பேச்சே. படம் வெளிவரும் முன்பே, தமக்கு மூன்றாம் பாகத்தின் மீதே ஆசை என்ற பொருள்படக் கமல் பேசினார். அதென்ன இப்படிச் சொல்லிவிட்டார் என்று பலர் பதறியபோது, சாம்பாரும் ரசமும் பிடித்தாலும் மனம் பாயசத்தை எதிர்பார்ப்பது இயல்புதானே என்று விளக்கினார். இதற்கு ரசிகர்கள் உரை வகுத்தபோது ஒரு சிக்கல் எழுந்தது: சாம்பார் ஊசியிருந்தால் பாயசம் வரை இலையில் உட்காரலாமா? உட்காரலாம், ஏனெனில் மொய் எழுதியாயிற்று என்மனார் ரசிகர்.

இரண்டு, கத்தரி மதம். படம் வெளியான சில நாட்களில் 12 நிமிடங்கள் குறைக்கப்பட்டன. மூன்று மணி நேரத்தில் இது 15இல் ஒரு பங்கு. 'ட்ரிம் பண்ணிட்டாங்க, இப்ப பரவால்லயாம்' என்பது இம்மதத்தாரின் மந்திரம். யாருக்குப் பரவாயில்லை என்று கேட்டால் சித்தப்பா பையன், ஆபீஸ் நண்பர் எனக் கிளை பிரியுமே தவிர, வெட்டிய பிரதியை நேரில் கண்ட சான்றாளர் எவரும் அகப்படவில்லை.

மூன்று, ஆள்மாற்று மதம். முதல் பாகத்துக்கு ஏ.ஆர்.ரஹ்மான் இசை, சுஜாதா வசனம், ஜீவா ஒளிப்பதிவு. இரண்டாம் பாகத்துக்கு அனிருத் இசை. வசனத்துக்கு ஜெயமோகன், கபிலன் வைரமுத்து, லக்ஷ்மி சரவணகுமார் என மூவர். சுஜாதா 2008இலேயே மறைந்துவிட்டார். 'வாத்தியார் இருந்திருந்தா' என்று தொடங்கும் வாக்கியத்தை இம்மதத்தார் முடிப்பதில்லை. மூன்றாம் பாகமும் ஏறக்குறைய இதே குழு சேர்த்தே எடுத்ததுதானே என்று நினைவூட்டினால், 'சரி, டீ சொல்லவா?' என்பார்கள். இது மறுப்பாகாது எனினும் தரவாகப் பதிவு செய்யப்பட்டது.

நான்கு, அரண்மனை மதம். நான்கில் ஆதாரம் உடையது இது ஒன்றே. சுந்தர் சி.யின் 'அரண்மனை' 2014இல் தொடங்கி 2016, 2021 எனத் தொடர்ந்தது. மூன்றாவதைப் பார்த்தவர்கள் பேயே போதும் என்று எழுந்து போனார்கள். 2024 மே மாதம் நான்காவது வந்தது. வெயிலில் காய்ந்து கிடந்த திரையரங்குகள் நிரம்பின. ராகவா லாரன்ஸின் 'முனி' (2007) பெரிதாகப் பேசப்படவில்லை. அதன் அடுத்த பாகமான 'காஞ்சனா' (2011) ஊரையே அலறவைத்துச் சிரிக்கவும் வைத்தது. ஆகவே ஒரு பாகத்தில் விட்டதை இன்னொன்றில் பிடிக்கலாம் என்பது நிறுவப்பட்ட உண்மை. ஆனால் இவை பெரும்பாலும் சில ஆண்டு இடைவெளியில், சத்தமில்லாமல் வந்தவை. 28 ஆண்டு காத்திருப்புக்கு இச்சான்று பொருந்துமா என்பதில் ஆய்வாளருக்கு ஐயமுண்டு, ரசிகருக்கு இல்லை.

வயது பற்றிய எதிர்வாதம்

சேனாபதி நேதாஜியின் படையில் இருந்தவர். எனவே 2024இல் அவர் நூறைத் தாண்டியிருக்க வேண்டும். அந்த வயதில் ஒருவர் தைவானிலிருந்து விமானமேறி வந்து வர்மம் போடுவது எப்படி என்று சிலர் கேட்டனர். ரசிகர்கள் இதைப் பொருட்படுத்தவில்லை. பென்ஷன் வாங்க ஆண்டுதோறும் உயிரோடிருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டியிருக்கும் ஊரில், சேனாபதி நேரில் வந்தே நிற்கிறார். மேலும் மூன்றாம் பாகம் பின்னோக்கி அவர் தந்தையின் காலத்துக்கே போவதால், கதை வளர வளர நாயகரின் வயது குறைகிறது. இப்படியொரு வசதி வேறெந்தத் துறையிலும் இல்லை.

கண்டறிந்தவை

முதலாவது: நம்பிக்கையின் வேர் முதல் பாகத்தில் இருக்கிறது. சேனாபதியின் மகன் சந்துரு, பிரேக் இன்ஸ்பெக்டர். காசு வாங்கிக்கொண்டு ஓட்டை பஸ்ஸுக்குச் சான்றிதழ் தருகிறான்; பள்ளிப் பிள்ளைகள் சாகிறார்கள். அப்பா மகனைக் கொல்கிறார். கொல்பவரும் கமல், சாகிறவரும் கமல். ஹீரோவைத் தப்பவிடுவதுதான் சினிமா என்று நம்பியிருந்தவர்களின் முன் அப்படம் ஹீரோவையே விட்டுவைக்கவில்லை. கமலுக்குத் தேசிய விருது அதற்குத்தான் கிடைத்தது. கடைசியில் வெளிநாட்டிலிருந்து போன் போட்டு, தேவைப்பட்டால் திரும்பி வருவேன் என்கிறார் சேனாபதி. ரசிகன் பற்றிக்கொண்டிருப்பது அந்த போன் இணைப்பை. இரண்டாம் பாகம் என்ன செய்தாலும் அது துண்டாகாது. கருதுகோள் மெய்யானது.

இரண்டாவது கண்டுபிடிப்பு ஆய்வாளரே எதிர்பாராதது. 'இந்தியன் 2' படத்தின் கதை என்ன? ஊழலைக் கண்டு வெறுத்த இளைஞர்கள் யூடியூபில் 'கம் பேக் இந்தியன்' என்று கூப்பிடுகிறார்கள். கிழவர் வருகிறார். வந்தவர், அவரவர் வீட்டிலிருந்து தொடங்குங்கள் என்கிறார். பிள்ளைகள் பெற்றோரைக் காட்டிக்கொடுக்கிறார்கள், குடும்பங்கள் உடைகின்றன. கூப்பிட்ட அதே வாய்கள் 'கோ பேக் இந்தியன்' என்று கத்துகின்றன. வெளியே ரசிகர்கள் செய்தது இதையேதான்: ஆண்டுக்கணக்கில் கூப்பிட்டார்கள், வந்ததும் போகச் சொன்னார்கள். தனக்கு வரப்போகும் விமர்சனத்தைத் திரைக்கதையிலேயே எழுதிவைத்துக்கொண்டு வந்த படம் இது. இதற்காகவாவது யாரேனும் ஒரு விருது தந்திருக்கலாம்.

படத்தின் உள்ளே இருப்பவர்களும் வெளியே இருப்பவர்களும் ஒரே இனம் என்பது இதனால் பெறப்படும். தாலுகா ஆபீசில் நாம் சண்டை போட வேண்டாம், தாத்தா வந்து பார்த்துக்கொள்வார். கெட்ட படத்தைக் கெட்ட படம் என்று முடித்துவைக்க வேண்டாம், மூன்றாம் பாகம் வந்து பார்த்துக்கொள்ளும். இரண்டுமே செலவில்லாத ஏற்பாடு.

ஒப்பீட்டு மாதிரியும் பரிந்துரையும்

ஒரு மாதிரி மட்டும் ஒப்பிட எஞ்சியுள்ளது. 1997 அக்டோபரில் சென்னை எம்.ஜி.ஆர். பிலிம் சிட்டியில் எலிசபெத் அரசியார் முன்னிலையில் 'மருதநாயகம்' தொடங்கியது. இன்றுவரை முடியவில்லை. அதைப் பற்றி ஒரு மோசமான விமர்சனம்கூட யாரும் எழுதியதில்லை. நீளம் என்றவர் இல்லை, பாட்டு சுமார் என்றவர் இல்லை, ட்ரிம் பண்ணச் சொன்னவர் இல்லை. அதன் மீதான நம்பிக்கை கால் நூற்றாண்டு கடந்தும் அன்று பூஜை போட்ட அளவிலேயே இருக்கிறது.

எனவே நம்பிக்கையைக் காப்பாற்றுவதுதான் நோக்கமென்றால் 'இந்தியன் 3' பெட்டியிலேயே இருக்கட்டும் என்று பரிந்துரைப்பதே அறிவியல் நெறி. இப்பரிந்துரையை மேற்படி ஹெல்மெட் அண்ணனிடம் சமர்ப்பித்தபோது, அவர் ஆய்வாளரை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நல்லா இல்லேன்னா திட்டவாவது படம் வர வேண்டாமா சார்?" இதற்கு மறுப்புரை எழுத ஆய்வாளரிடம் தரவு இல்லை.