பந்தியிலும் பதின்மூவர் அமர்வு

அரசியல் சட்டப் பேராசிரியரிடம் எதைப் பேசத் தொடங்கினாலும் பேச்சு 1973 ஏப்ரல் 24-இல் போய் நிற்கும். துறையில் மின்விசிறி ஓடவில்லை என்றால், பராமரிப்புக் குழுவின் அதிகார வரம்பு என்ன என்று ஆரம்பிப்பார். அங்கிருந்து கேசவானந்த பாரதி வழக்குக்கு மூன்றே வாக்கியம். பதின்மூன்று நீதிபதிகள், ஏழுக்கு ஆறு, நடுவில் நீதிபதி கன்னா. மனுதாரரான எடநீர் மடாதிபதி கேட்டது நிலம், கிடைத்தது அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு. காப்பி ஆறிப்போகும். கல்யாணப் பந்தியில் பாயசம் மறுபடி வராவிட்டால் அது 14-ஆம் பிரிவின் சமத்துவப் பிரச்சினை. பரிமாறுபவர் 12-ஆம் பிரிவின்படி அரசு ஆவாரா என்று முடிவாவதற்குள் இலையை எடுத்துவிடுவார்கள். வீட்டில் மட்டும் அவருடையது எப்போதும் சிறுபான்மைத் தீர்ப்பு.

படித்த திமிர் என்பார்கள். நான் அவருடைய உத்தியோகத்தைத்தான் குற்றம் சொல்வேன். முழுநேரச் சம்பளம் வாங்கும் ஆசிரியர் வழக்காட பார் கவுன்சில் விதிகள் இடம் தருவதில்லை. வழக்கறிஞர் வந்து பாடம் நடத்தலாம். இவர் போய் வாதாட முடியாது. நீதிபதி ஆகலாமே என்றால், சிறந்த சட்ட வல்லுநரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமிக்கலாம் என்று 124(3)-ஆம் பிரிவு 1950 முதல் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த வாசல் வழியே இதுவரை ஒருவரும் உள்ளே போனதில்லை. பாவம், பந்தியைத்தான் நீதிமன்றமாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வகுப்பறைப் பேச்சால் என்ன ஆகிவிடும் என்று கேட்டால் அவரிடம் நல்ல பதிலே உண்டு. நாடாளுமன்றத்தின் திருத்தும் அதிகாரத்துக்கு உள்ளார்ந்த எல்லை உண்டு என்று ஜெர்மன் பேராசிரியர் டீட்ரிச் கான்ராட் 1965-இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பேசியதுதான், கோலக்நாத் வழக்கின் வாதங்களுக்குள் நுழைந்தது. 1979-இல் உபேந்திர பக்சி உள்ளிட்ட நான்கு சட்ட ஆசிரியர்கள் மதுரா வழக்குத் தீர்ப்பைக் கண்டித்துத் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த மடல், 1983-இல் பாலியல் வன்முறைச் சட்டம் திருத்தப்பட்டதற்கு ஒரு காரணம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நால்வர் முந்தைய ஆண்டு வந்த தீர்ப்பைப் படித்துக் கோபப்பட்டார்கள். நம்மவர் 1973-ஐத் தாண்டி எதன்மேலும் கோபப்படுவதில்லை. பருவத்தில் பாதி அந்த ஒரு வழக்குக்கே போகிறது. பஞ்சாயத்துகளுக்கு அரசியல் சட்டத் தகுதி தந்த 73-ஆவது திருத்தத்துக்கு அரை மணி நேரம். 226-ஆம் பிரிவின்கீழ் ஒரு ரிட் மனு எழுதச் சொல்லித்தர, பீஸ் கட்டி வந்த பிள்ளைக்கு அந்த அரை மணியும் கிடைப்பதில்லை.