தூக்கிவிடும் அண்ணை

தூக்கிவிடும் அண்ணை என்பவர் யாழ்ப்பாணத்து அளவெட்டியில் மட்டுமன்றி வலிகாமம் முழுவதிலும் காணப்படும் மனித வகை. வயது ஐம்பத்தைந்துக்கு மேல். பெரும்பாலும் இளைப்பாறிய அரச உத்தியோகத்தர். கோயில் பரிபாலன சபை, சனசமூக நிலையம், பழைய மாணவர் சங்கம் ஆகிய மூன்றில் இரண்டிலாவது பொருளாளர். சக்கர நாற்காலியோ ஊன்றுகோலோ வெள்ளைப் பிரம்போ கண்ணில் பட்டவுடன் தோளில் கிடக்கும் சால்வையை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டுவார். அந்த அசைவைக் கொண்டே ஆளை அடையாளம் காணலாம்.

கேட்டு உதவுவது இவர் வழக்கமல்ல. கண் தெரியாத ஒருவர் மல்லாகம் சந்தியில் யாழ்ப்பாணம் போக நின்றால், விசாரணை ஏதுமின்றிக் கையைப் பிடித்து வீதியைக் கடத்திக் காங்கேசன்துறைப் பக்கம் கொண்டுபோய் விடுவார். போகும் வழியெல்லாம் உரக்கப் பேசுவார். கண் தெரியாவிட்டால் காதும் மந்தம் என்பது இவரது வைத்தியம். உண்மையிலேயே காது கேளாதவரோடு இவர் பேசுவதில்லை. கூட வந்தவரிடம், "இவர் சாப்பாடெல்லாம் ஒழுங்காச் சாப்பிடுவாரோ?" என்று விசாரித்துக்கொள்வார். கைதடி நவீல்ட் பாடசாலையிலும் சுன்னாகம் வாழ்வகத்திலும் வளர்ந்து பட்டதாரிகளான, ஆசிரியரான கண் தெரியாதவர்கள் உண்டு. அண்ணை அவர்களிடம் கேட்பது ஒன்றே: "தம்பி பாட்டுப் பாடுவீரோ?" தவில் மேதை தட்சணாமூர்த்தியும் நாதஸ்வர வித்துவான் என்.கே. பத்மநாதனும் வாழ்ந்த ஊரில் அது மரியாதையான கேள்விதான். கணக்கியல் படித்தவர் என்று பதில் வந்தால் அவர் முகம் வாடிவிடும்.

கால் இழந்தவரைக் கண்டால் கேள்வி வேறு. "செல்லோ, மிதிவெடியோ?" போர்க்காலம் இந்தக் கேள்வியைச் சுகம் விசாரிப்பதோடு சேர்த்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் கால் செய்து கொடுக்கும் நிலையம் 1987இல் தொடங்கியது. 1968இல் ராஜஸ்தானில் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கிய அந்தக் காலின் பெருமை, சப்பாத்து இல்லாமல் வெறுங்காலாகவே நடக்கலாம், தோட்டத்தில் இறங்கலாம், நிலத்தில் சம்மணம் கொட்டி இருக்கலாம் என்பது. நம்மவர் வாழ்க்கைக்கு அளவெடுத்துச் செய்த கால். கோயில் வாசலில் மட்டும் அதற்கு வழக்கு உண்டு: அது காலா, செருப்பா? அண்ணையின் தீர்ப்பு பெருந்தன்மையானது. "காலைக் கழட்டி வையும் தம்பி. நாங்கள் தூக்கிக்கொண்டு போறம்."

தூக்குவதே இவரது தத்துவம். எந்தக் கட்டடத்தின் படியைப் பற்றி யார் குறைப்பட்டாலும், "படியென்ன படி? நாலு பேர் பிடிச்சால் முடிஞ்சுது" என்பார். அந்த நாலு பேரில் மூன்று பேரைத் தேடிப் பிடிக்க அரை மணித்தியாலம் செல்லும் என்பதும், நாற்காலியில் இருப்பவர் அதுவரை வெயிலில் இருப்பார் என்பதும், பெண்ணாக இருந்தால் அந்நியக் கைகள் தன்னைத் தூக்க அவர் சம்மதிக்க வேண்டும் என்பதும் கணக்கில் வராது. தேர்த்திருவிழாவில் மட்டும் கணக்குச் சரியாக வரும். சுவாமி தேரில் ஏறுவதற்குத் தேரின் உயரத்துக்கே தேர்முட்டி கட்டியிருக்கும். சில்லு உருளும் வீதியில் மேடு பள்ளம் பார்த்து மண் போட்டிருக்கும். அதை முன்னின்று செய்விப்பவரும் இதே அண்ணைதான்.

சட்டத்துக்குக் குறைவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் தடையின்றிப் போய்வர வகைசெய்யும் ஒழுங்குவிதிகள் 2006இல் வர்த்தமானியில் வெளியாயின. விதி ஏட்டிலேயே கிடந்ததால் கலாநிதி அஜித் சி.எஸ். பெரேரா சக்கர நாற்காலியில் இருந்தபடியே உயர் நீதிமன்றம் போனார். நீதிமன்றம் 2011இல் அவர் பக்கம் நின்றது. 2016இல் இலங்கை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தையும் ஏற்றுறுதி செய்தது. இடப்பெயர்வால் வெறிச்சோடிய வலிகாமம் வடக்கில் சனம் திரும்பி வந்து புதிதாகக் கட்டிய காலமும் இதுதான். அத்திவாரத்திலேயே சரிசெய்திருக்கலாம். "அதெல்லாம் கொழும்புச் சட்டம்" என்று அண்ணை அதைக் கடந்து போனார். படியையும் கட்டினார், மாபிள் பதித்து.

எப்போதாவது கனடாவிலிருந்து காசு வந்து சாய்தளம் கட்ட நேர்வதுண்டு. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது உலகெங்கும் வழங்கும் கணக்கு. மூன்றடி மேடைக்கு முப்பத்தாறு அடி. "அப்ப அது கிணத்தடியிலை போய் முடியும்" என்று எட்டடியோடு நிறுத்துவார் அண்ணை. மேலே வழுவழுப்பான தரை ஓடு. பக்கத்தில் உபயகாரர் பரம்பரை முழுவதையும் தாங்கிய கல்வெட்டு. அடிவாரத்தில் மோட்டார் சைக்கிள்கள். அந்தச் சாய்வில் நாற்காலியை மேலே ஏற்ற நாலு பேர் தள்ள வேண்டும். இறக்க ஆறு பேர் பிடிக்க வேண்டும். ஆகையால் அண்ணைக்கு வேலை குறைவதில்லை.

மகளிடம் லண்டன் போய் வந்த அண்ணை இதில் ஒரு உபபிரிவு. அங்கே தரிப்பில் பஸ் ஒருபக்கம் பணிந்து சாய்தளம் நீட்டியதையும், சக்கர நாற்காலிக்காரி ஒருத்தி யாருக்கும் நன்றி சொல்லாமல் ஏறிப் போனதையும் தேத்தண்ணிக் கடையில் மாதக் கணக்கில் சொல்லுவார். பஸ் பணிந்தது அவருக்குப் பிடித்திருந்தது. நன்றி சொல்லாததுதான் உறுத்தியது.

உதவி மறுக்கப்படும்போதே இவ்வகையின் முழு இயல்பும் வெளிப்படும். "வேண்டாம் ஐயா, இரண்டு பலகை போட்டுத் தந்தால் நானே ஏறுவன்" என்று ஒரு பெடியன் சொல்லிவிட்டால் அண்ணை மனமுடைந்து போவார். "உதவி செய்யப் போனால் எங்களுக்கு ஏச்சு. உவைக்கு இந்தக் காலத்திலை தலைக்கனம் கூடிப்போச்சு." பெடியன் அதன்பிறகு அந்தப் பக்கம் வருவதில்லை. அடுத்த பொதுக்கூட்டத்தில் சாய்தளம் பற்றிய கோரிக்கை வரும். பொருளாளர் எழுந்து, "ஆருக்கு? அப்படி ஒருத்தரும் இஞ்சை வாறேல்லையே" என்பார். சபையும் சுற்றிப் பார்த்து ஆமோதிக்கும். கூட்டம் நடப்பது மேல்மாடியில்.