பட்டியலார் சமுகத்துக்கு ஒரு மனு

பெறுநர்: உயர்திரு தொண்டர் பட்டியல் அவர்கள், முகாம்: பிரட்டுக்களம், கோயில் முன்றல், வாசிகசாலை, ஹல்துமுல்லை வழி, ஊவா மாகாணம்.
அனுப்புநர்: அதே கோப்பின் மற்றத் தாளில் இருப்போர்.
பொருள்: அரைப்பேர்கூட விழாதது தொடர்பாக.

பட்டியலார் சமுகத்துக்கு,

தோட்டத்தில் கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேராவது, அதாவது அரைநாள் சம்பளமாவது, விழும். பட்டியலாரின் கணக்கில் அதுவும் கிடையாது. கான் வெட்டவோ, பாதை துப்புரவு செய்யவோ, மழைக்கு முன் அனர்த்தக் குழு அமைக்கவோ அவர் எழுந்தருளும்போது கையில் இரண்டு தாள்கள் இருக்கும். முதல் தாளில் தொண்டர்கள். இரண்டாவதில் விசேட கவனிப்புக்குரியோர்: கர்ப்பிணிகள், முதியோர், கைக்குழந்தைகள், கூடவே ஊன்றுகோல் பிடிப்பவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், பார்வையற்றவர், காது கேளாதவர். இரண்டாம் தாளில் ஏறிய பெயர் முதல் தாளுக்குப் போக வழியில்லை. கர்ப்பிணிக்காவது பத்தாம் மாதம் விடுதலை உண்டு.

பட்டியலார் கெட்டவர் என்று மனுதாரர்கள் சொல்ல வரவில்லை. அவருக்கு இரக்கம் சற்று அதிகம், அவ்வளவுதான். "நீங்க சும்மா இருங்கண்ணே, நாங்க பாத்துக்கிறோம்" என்பார். கையில் ஒரு பிளேன்டீயும் கொடுப்பார். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 சதவீதமானோருக்கு, அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானோருக்கு, பார்ப்பதிலோ கேட்பதிலோ நடப்பதிலோ வேறெதிலுமோ சிரமம் இருக்கிறது. தேயிலை விற்கும் விலையில் இத்தனை பேருக்கும் பிளேன்டீ ஊற்றி உட்காரவைப்பது பட்டியலாருக்குக் கட்டுப்படியாகுமா என்பதே மனுதாரர்களின் கவலை.

தொண்டு என்றால் பட்டியலாருக்கு மம்பட்டிதான் கண்முன் வருகிறது. ஹல்துமுல்லைப் பிரிவிலேயே இருக்கும் மீரியபெத்த தோட்டம் அவருக்கு மறந்திருக்காது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்கு அருகே அந்தத் தோட்டத்து லயங்கள் மண்சரிவில் மண்ணுக்குள் போயின. பிள்ளைகளில் பலர் பள்ளிக்கூடம் போயிருந்ததால் தப்பினார்கள். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. போய்க் குடியிருக்க வேறு வீடு இல்லாத சனம் இருந்த இடத்திலேயே இருந்தது. வீடு கட்டித் தருவது தொண்டர் வேலையல்ல, அரசின் வேலை, தோட்டக் கம்பனியின் வேலை. அதையும் தொண்டர் தலையில் கட்டிவிட இந்த மனுவை யாரும் எடுத்துக்காட்டக் கூடாது. ஆனால் எச்சரிக்கை வந்த பிறகு அது கடைசி லயத்துக் கடைசிக் காம்பிரா வரை போய்ச் சேர்வது தொண்டர் வேலைதான். மண் விழுந்த பிறகே மம்பட்டிக்கு வேலை வரும்.

விழும் முன்பு நடக்க வேண்டியவற்றில் பெரும்பகுதி உட்கார்ந்து செய்யும் வேலை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 ஆனால் புறப்பட ஆயத்தம், 150 ஆனாலோ ஒரு மணி நேரத்தில் 75 கொட்டினாலோ வெளியேற்றம். மழைமானியைப் பார்த்து எண்ணைக் குறிக்க இரண்டு கால் எதற்கு? வாசலில் மானியை வைத்தால் நடக்க முடியாதவர் ராத்திரி முழுக்கப் பார்ப்பார். அவர் குறித்த எண்ணை நாற்பது வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லக் கண் எதற்கு? ஊரில் யாருடைய இலக்கம் எது என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர் பல இடங்களில் பார்வையற்றவர்தான். கோயில் மணி அடித்தாலும் ஒலிபெருக்கி கத்தினாலும் காது கேளாதவர் வீட்டில் உறக்கம் கலையாது. அந்த வீட்டுக்கு விளக்கடித்துச் சைகை காட்ட வேண்டும் என்ற யோசனை, காது கேளாத ஒருவர் குழுவில் இருந்தால் முதல் கூட்டத்திலேயே வந்திருக்கும்.

இது மனுதாரர்களின் கற்பனை என்று பட்டியலார் கருதினால் ஜப்பானைப் பார்க்கலாம். எல்லா வசதியும் உள்ள அந்த நாட்டிலேயே 2011 சுனாமியில் மாற்றுத்திறனாளிகள் இறந்த வீதம் மற்றவர்களைவிடச் சுமார் இரு மடங்கு. 2015 மார்ச்சில் அதே ஜப்பானின் செண்டாய் நகரில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட அனர்த்தத் தணிப்புச் சட்டகம், திட்டம் வகுக்கும் இடத்திலேயே மாற்றுத்திறனாளிகள் இருக்க வேண்டும் என்கிறது. தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முந்திய கட்டம் அது.

மனுதாரர்களிடம் முன்மாதிரிகளும் இருக்கின்றன. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் என்பவர். 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே உடல் அசையாமல் போனவர். 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கி ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சிகிச்சையும் படிப்பும் கிடைக்கச் செய்தார், 2020இல் பத்மஸ்ரீ. மலையகத்தாரின் பாட்டன்மாரில் பலர் கப்பலேறப் புறப்பட்ட சீமை அந்தத் தென்காசிப் பக்கம். அவர் ஹல்துமுல்லையில் பிறந்திருந்தால் பட்டியலார் அவருக்கும் பிளேன்டீ கொடுத்திருப்பார், குழாய் வைத்து.

அவ்வளவு தூரம் போவானேன்? கொழும்பில் கலாநிதி அஜித் பெரேரா இருந்தார். இரசாயனவியலாளர், கிரிக்கெட் நடுவர். 1992இல் ஓடும் கார் மேல் மரம் விழுந்து சக்கர நாற்காலிக்கு வந்தார். பிறகு கட்டடம் கட்டடமாகப் போய், படியை எண்ணுவதையும் கழிப்பறைக் கதவை அளப்பதையும் சம்பளமில்லாத வேலையாக எடுத்துக்கொண்டார். அவர் போட்ட வழக்கில்தான், புதிய பொதுக் கட்டடங்கள் எல்லோரும் நுழையக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. நாடு முழுவதற்குமான தொண்டு அது. எந்தச் சிரமதானப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது என்று தேடினால் நல்லது.

சட்டம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 2006இன் அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. எல்லாம் அலுமாரியில் பத்திரம்.

பட்டியலாரின் வழக்கமான பதிலை மனுதாரர்கள் அறிவார்கள்: "இது மலைநாடு, என்ன செய்ய?" ஹல்துமுல்லையை அம்பாறை வயல்போலச் சமப்படுத்தித் தரும்படி யாரும் கேட்கவில்லை. கூட்டத்தை மேல் லயத்து நூறு படிக்கு மேலே வைக்காமல் றோட்டோரம் வைக்கலாம். ஓட்டோக் கூலியைக் குழுச் செலவில் எழுதலாம்; தொண்டர்களுக்குச் சோற்றுப் பார்சலுக்குக் காசு இருக்கும்போது இதற்கும் இருக்கும். முடிவுகளைக் குறுஞ்செய்தியில் தமிழிலும் சிங்களத்திலும் அனுப்பலாம். படிவத்தில் 'மம்பட்டி உண்டா' என்பதற்குக் கீழே 'உங்களால் என்ன செய்ய முடியும்' என்று ஒரு வரி சேர்க்க அமைச்சரவை அனுமதி தேவைப்படாது.

டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினம், டிசம்பர் 5 தொண்டர்கள் தினம். இரண்டையும் ஐ.நா.தான் வைத்தது, நடுவில் ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளைத் தாண்டி இரண்டு மேடைகளும் சந்தித்ததாகத் தெரியவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலால் நாடெங்கும் 600க்கு மேற்பட்டோர் இறந்து, பதுளை மாவட்டத்தின் சரிவுகள் இடிந்து கிடந்த வாரத்தில்தான் அந்த இரண்டு தினங்களும் வந்து போயின. போதாததற்கு 2026ஐத் தொண்டர்களின் சர்வதேச ஆண்டாகவே ஐ.நா. அறிவித்தது.

ஆகவே இரண்டாம் தாளில் உள்ள பெயர்களை முதல் தாளிலும் ஒருமுறை எழுதிப் பார்க்கும்படி பட்டியலாரை மனுதாரர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். முழுப்பேர் தரச் சங்கடமாக இருந்தால் இந்த மழைக்கு அரைப்பேர் போட்டுப் பார்க்கட்டும்.

இந்த மனு கிடைத்ததற்கான பற்றுச்சீட்டை மாடியில் ஏழாம் இலக்க அறையில் நேரில் வந்து பெற்றுக்கொள்ளும்படி எழுத வேண்டாம். தபாலில் அனுப்பினால் போதும்.