யேலுக்கு ஓசி டிக்கெட், செயின்ட் பீட்டர்ஸுக்கு பில்!

"காசு வந்து காலேஜ் விளையாட்டே நாசமாப் போச்சு" என்று அமெரிக்காவில் ஒரு பெரிய கூட்டம் சில வருஷங்களாக மாரில் அடித்துக்கொண்டு அழுகிறது. 2021 ஜூலை 1 வரை எல்லாம் பத்தரைமாற்றுத் தங்கமாக இருந்ததாம். பையன்கள் படித்தார்களாம், மிச்ச நேரத்தில் விளையாடினார்களாம், காலேஜ் பெயருக்காக மட்டுமே வியர்வை சிந்தினார்களாம். அன்றைக்குத்தான் மாணவ வீரர்கள் விளம்பரத்தில் நடித்துச் சம்பாதிக்கலாம் என்று கதவு திறந்தது. லட்சுமி உள்ளே வந்தாள், சரஸ்வதி பின்வாசல் வழியாகப் போய்விட்டாளாம்.

அந்தப் பொற்காலத்தைக் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு வருவோமா? செருப்பைக் கழற்ற வேண்டாம். அவ்வளவு புனிதமான இடமெல்லாம் இல்லை.

1852 ஆகஸ்ட் 3. நியூ ஹாம்ப்ஷையரில் வினிபசாக்கி என்றொரு ஏரி. ஹார்வர்டும் யேலும் மோதிய படகுப் போட்டி. அமெரிக்கக் கல்லூரிகள் ஒன்றோடொன்று மோதிய முதல் பந்தயமே இதுதான். யோசனை யாருடையது? விளையாட்டு ஆசிரியரா, தத்துவப் பேராசிரியரா? இல்லை சார், ஒரு ரயில்வே கம்பெனி அதிகாரி! ஏரிப் பக்கம் போகும் ரயிலுக்குக் கூட்டம் சேர்க்கவேண்டியிருந்தது. "பசங்களா, வாங்க, துடுப்பு போடுங்க, செலவெல்லாம் நம்மளுது" என்றார். கனவான்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

ஹார்வர்டு ஜெயித்தது. வெள்ளி முனை வைத்த துடுப்புகள் பரிசு. மேடையேறிக் கொடுத்தவர் ஃபிராங்க்ளின் பியர்ஸ், அந்த வருஷ ஜனாதிபதித் தேர்தல் வேட்பாளர். ஸ்பான்சர், ஓசி டூர், ஓட்டுக் கேட்கும் அரசியல்வாதி என்று முதல் மேட்சிலேயே எல்லாம் பக்காவாக செட்டாகிவிட்டது. 1855-இல் மறுபடி மோதியபோது ஹார்வர்டு படகைத் திசைகாட்டி ஓட்டியவர் ஏற்கெனவே பட்டம் வாங்கி வெளியே போன ஆசாமி. இரண்டாவது ரேஸிலேயே தில்லுமுல்லும் வந்து சேர்ந்தது.

கேட்டால் கிரேக்கத்தைக் காட்டுவார்கள். "பண்டைய ஒலிம்பிக் வீரர்கள் வெறும் இலைக் கிரீடத்துக்காக ஓடினார்கள், தெரியுமா?" தெரியும். ஊருக்குத் திரும்பியதும் ஏதென்ஸ்காரர்களுக்கு 500 டிராக்மா ரொக்கம், அரசு செலவில் ஆயுள் முழுக்கச் சாப்பாடு என்பதும் தெரியும். கிரீடம் போட்டோவுக்கு, டிராக்மா வீட்டுக்கு!

அஸ்டிலோஸ் என்றொரு ஓட்டக்காரர். குரோட்டன் நகரத்துப் பிள்ளை. தன் முதல் ஒலிம்பிக்கில் சொந்த ஊர் பெயரில் ஜெயித்தார். அடுத்தடுத்த ஒலிம்பிக்கில் "நான் சிரக்யூஸ் ஆள்" என்று பெயர் கொடுத்துவிட்டார். சிரக்யூஸை ஆண்டவர்களைக் குஷிப்படுத்தத்தான் என்கிறார் பழைய பயண எழுத்தாளர் பவுசானியஸ். குரோட்டன் மக்கள் கொதித்துப்போய் அவர் சிலையை இடித்தார்கள். வீட்டைச் சிறைச்சாலையாக மாற்றினார்கள். இன்றைக்கு டீம் மாறினால் ரசிகர்கள் ஜெர்சியைக் கொளுத்தி வீடியோ போடுகிறார்கள். வீட்டை ஜெயிலாக்கும் கிரியேட்டிவிட்டி எல்லாம் அந்தக் காலத்தோடு போச்சு.

மறுபடி யேலுக்கு வருவோம். 1904-இல் ஃபுட்பால் கேப்டன் ஜேம்ஸ் ஹோகன். வயசு இருபதுகளின் கடைசியில், ஆனாலும் மாணவர்தான். தங்க சொகுசு அறை, சாப்பாடு ஓசி, மேட்ச் ஸ்கோர் கார்டு விற்பதில் பங்கு, சீசன் முடிந்ததும் கியூபாவுக்கு ஒரு டூர். எல்லாவற்றுக்கும் மேலே, நியூ ஹேவனில் விற்கும் ஒரு கம்பெனி சிகரெட்டுக்கு கமிஷன்! இன்றைய வீரர்கள் புரோட்டீன் பவுடர் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு இளிப்பதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் கவனிக்க: உங்கள் பொற்காலத்து ஹீரோ மாணவர்களுக்குப் புகையிலை விற்றுக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் ஃபுட்பால் மைதானத்தில் பையன்கள் நிஜமாகவே செத்து விழ, ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பெரிய கல்லூரிகளை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டு அதட்டினார். அந்த அமளியில் 1906-இல் பிறந்த கல்லூரி விளையாட்டுச் சங்கம்தான் பின்னாளில் என்.சி.ஏ.ஏ. என்று பெயர் வாங்கியது. உயிரைக் காப்பாற்றப் பிறந்தது, சீக்கிரமே கஜானாவைக் காக்கும் வேலைக்கு ப்ரமோஷன் ஆகிவிட்டது. கொள்கை ஒன்றே ஒன்று: வீரன் கை காசில் படக்கூடாது.

பட்டதா? 1929 அக்டோபரில் கார்னகி அறக்கட்டளை ஒரு ரிப்போர்ட் போட்டது. அலசிய கல்லூரிகள் 112. வீரர்களுக்குக் காசோ சலுகையோ தள்ளாத உத்தமர்கள் 28. நாடே வெட்கப்பட்டிருக்க வேண்டும். அதே மாதம் வால் ஸ்ட்ரீட் தலைகுப்புற விழுந்ததில் எல்லாரும் சொந்தக் கவலைக்குப் போய்விட்டார்கள். பங்குச் சந்தைச் சரிவால் பிழைத்தவர்கள் என்று சரித்திரத்தில் யாராவது உண்டென்றால், அது கல்லூரி ஃபுட்பால் கோச்சுகள்தான்.

அப்படியானால் மாட்டியது யார்? கார்லைல் என்ற பூர்வகுடிப் பள்ளியில் படித்த ஜிம் தோர்ப். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம். சில மாதம் கழித்து, அவர் முன்பு வட கரோலினாவில் சொற்பக் காசுக்கு பேஸ்பால் ஆடியது தெரியவந்தது. பறித்துவிட்டார்கள் பதக்கத்தை! அந்தக் காலத்தில் ஏகப்பட்ட காலேஜ் பையன்கள் அதே வேலையைப் பொய்ப் பெயரில் செய்துகொண்டிருந்தார்கள். இவர் செய்த மகா பாவம், சொந்தப் பெயரைச் சொன்னது. கோச் பாப் வார்னர் தனக்கு எதுவுமே தெரியாது என்று கையைக் கழுவிக்கொண்டார். தனி வெற்றியாளர் என்று தோர்பின் பெயர் முழுசாகத் திரும்ப ஏறியது 2022-இல். அவர் செத்து 69 வருஷம் ஆகியிருந்தது.

இன்னொரு சின்ன இடம், ஃபோர்ட் லூயிஸ், கொலராடோ. 1955-இல் அந்தக் கல்லூரியின் ரே டெனிசன் என்ற ஃபுட்பால் வீரர் மைதானத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். மனைவி, வேலை செய்த இடத்தில் நேர்ந்த மரணம் என்று இழப்பீடு கேட்டார். 1957-இல் மாநில உச்ச நீதிமன்றம் கிடையாது என்றது. காரணம், கல்லூரி ஃபுட்பால் பிசினஸில் இல்லை. பிசினஸ் இல்லை, சரி. டிக்கெட் மட்டும் ஏனோ விற்றுக்கொண்டிருந்தார்கள்.

அந்த 'பிசினஸ் இல்லை'யை 1951 முதல் 1987 வரை கட்டிக் காத்த பெருந்தகை என்.சி.ஏ.ஏ.-வின் தலைமை அதிகாரி வால்டர் பையர்ஸ். ரிடையர் ஆனபிறகு, 1995-இல் புத்தகம் எழுதினார், கல்லூரிகள் வீரர்களைச் சுரண்டுகின்றன என்று! 36 வருஷம் பூட்டைக் கையில் வைத்திருந்தவருக்கு, பென்ஷன் வந்தபிறகுதான் சாவி ஞாபகம் வந்தது.

இதற்கு நடுவே 1970-களின் கடைசியில் நைக்கி கம்பெனிக்காக சானி வக்காரோ என்ற கில்லாடி ஒரு வழி கண்டுபிடித்தார். வீரருக்குத்தானே காசு கொடுக்கக்கூடாது? கோச்சுக்குக் கொடுக்கலாமே! கோச் கையெழுத்துப் போட்டார், டீமே நைக்கி ஷூவில் ஓடியது. கால் பையனுடையது, காசு கோச்சுடையது. பையனுக்கும் ஏதாவது தரலாமே என்றால் ரூல் புக் குறுக்கே நிற்கும். காலேஜ் அவனுக்கு பேகல் ரொட்டி தரலாம். அதில் சீஸ் தடவினால் அது சலுகை, குற்றம். நிஜமாகவே அப்படி ஒரு விதி இருந்தது. வெறும் ரொட்டியில் வளர்ந்தது அந்த ஒழுக்கம்.

2021-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் என்.சி.ஏ.ஏ.-வுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னார்கள். எதிலும் ஒத்துப்போகாத ஒன்பது பேர்! பத்தே நாளில் விளம்பரக் கதவு திறந்தது. ஃப்ரெஸ்னோ ஸ்டேட் என்ற நடுத்தரக் கல்லூரியின் கேவிண்டர் இரட்டைச் சகோதரிகள், முதல் நாளே நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயர் விளம்பரப் பலகையில் சிரித்தார்கள். டீகோல்டெஸ்ட் கிராஃபோர்டு என்றொரு நெப்ராஸ்கா வீரர், பெயரிலேயே குளிர். விடுவார்களா? ஒரு ஏ.சி. கம்பெனி அள்ளிக்கொண்டது.

சின்னக் காலேஜ்கள் துள்ளிக் குதித்தன. "இனி நம்ம பிள்ளையும் ஸ்டார்தான்!" ஆமாம், ஸ்டார்தான். அதனாலேயே கிளம்பிவிட்டார்கள். கேவிண்டர் சகோதரிகள் அடுத்த வருஷமே மயாமி பல்கலைக்குப் போனார்கள். அதற்குள் இன்னொரு விதியும் தளர்ந்திருந்தது: காலேஜ் மாறினால் ஒரு வருஷம் பெஞ்சில் உட்காரவேண்டிய தண்டனை போய்விட்டது. விளம்பரக் காசு ஒரு கை, டிரான்ஸ்ஃபர் இன்னொரு கை. இரண்டும் சேர்ந்ததும் ஓசை கேட்டது.

ஓசை பலமாகக் கேட்டது ஜெர்சி சிட்டியில். 2022-இல் மார்ச் மேட்னஸ் என்னும் கல்லூரிக் கூடைப்பந்துத் தொடரில் செயின்ட் பீட்டர்ஸ் என்ற குட்டிக் கல்லூரி கென்டக்கியை வீழ்த்தியது. கென்டக்கி கோச்சின் வருஷ சம்பளம் 80 லட்சம் டாலருக்கு மேல். செயின்ட் பீட்டர்ஸ் கூடைப்பந்து டீமின் மொத்த பட்ஜெட்டே சுமார் 16 லட்சம். தன் பிரிவுத் தரவரிசையில் 15-ஆம் இடத்தில் நுழைந்து கடைசி எட்டுக்குள் போன முதல் டீம் அது. மீசைக்காரர் டக் எடர்ட்டுக்கு ஒரு சிக்கன் விங்ஸ் கம்பெனியின் விளம்பரம்கூடக் கிடைத்தது. ஊரே கொண்டாடியது.

கொண்டாட்டம் முடிந்து பார்த்தால் டீமைக் காணோம். கோச் சீட்டன் ஹாலுக்கு, எடர்ட் பிரையன்ட்டுக்கு, சக வீரர் பேங்க்ஸ் செயின்ட் போனவென்ச்சருக்கு, டிராமே இரட்டையர்கள் லா சாலுக்கு. கோச் போனால் அதற்குப் பெயர் 'வளர்ச்சி'. பையன் போனால் 'இந்தக் காலத்துப் பசங்களுக்கு விசுவாசமே இல்லை'.

சரி, ஆள்தானே போனது என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தபோது பில் வந்தது. பழைய வீரர்களுக்குச் சேரவேண்டிய பாக்கி என்று ஒரு வழக்கு; 2025 ஜூன் 6-இல் சமரசத்துக்கு நீதிபதி ஒப்புதல். தொகை சுமார் 280 கோடி டாலர், பத்து வருஷத்தில் கட்டவேண்டும். பெரும்பகுதி போவது பெரிய கல்லூரிகளின் முன்னாள் ஃபுட்பால் வீரர்களுக்கு. கட்டுவது? பெரும்பாலும் என்.சி.ஏ.ஏ. வருஷாவருஷம் எல்லாருக்கும் பிரித்துத் தரும் பங்கிலிருந்து பிடித்தம், ஃபுட்பால் டீமே இல்லாத செயின்ட் பீட்டர்ஸ் மாதிரிக் கல்லூரிகளின் பங்கு உட்பட! பண்ணையார் வீட்டுக் கல்யாணத்துக்கு, பத்திரிகை கூட வராத கடைசித் தெருக்காரன் சமையல் செலவில் பங்கு கொடுத்த கதை. ஹூஸ்டன் கிறிஸ்டியன் பல்கலை "நாங்க எதுக்கு சாமி?" என்று கோர்ட்டுக்கே போய்ப் பார்த்தது. பலிக்கவில்லை.

கூடவே, இனி கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் வருஷ உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர். பெரியவர்களுக்கு அது வரம்பு, சின்னவர்களுக்கு அது விண்வெளி. கலிஃபோர்னியாவில் கால் பாலி கல்லூரி, இந்தச் சமரசத்தையும் ஒரு காரணமாகச் சொல்லி 2025 மார்ச்சில் நீச்சல் டீமையே மூடியது. ஃபுட்பால் கணக்கில் மூழ்கியது நீச்சல்காரர்கள்! அதே மாதம் பென்சில்வேனியாவின் செயின்ட் ஃபிரான்சிஸ், மார்ச் மேட்னஸில் இரண்டே புள்ளியில் தோற்றது. ஒரு வாரத்தில் அறிவிப்பு: முதல் டிவிஷனே வேண்டாம், விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாத மூன்றாவது டிவிஷனுக்குப் போகிறோம். மேட்சில் தோற்றது இரண்டு புள்ளி, கணக்கில் தோற்றது இரண்டு டிவிஷன்.

இதில் பையன்கள் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. ஹோகனுக்குக் கிடைத்தது இப்போது ரசீதோடு கிடைக்கிறது, அவ்வளவுதான். காசு விளையாட்டைக் கெடுக்கவும் இல்லை. முதல் துடுப்பு தண்ணீரில் படும் முன்பே அது படகில் ஏறிவிட்டது. கோளாறு வேறு. பெரியவர்கள் நூறு வருஷம் தராமல் மிச்சம் பிடித்தார்கள், தரவேண்டிய நாள் வந்ததும் இல்லாதவன் பங்கில் கை வைத்தார்கள்.

ஆகவே வாசகப் பெருமக்களே, அடுத்த மார்ச்சில் பெயரே தெரியாத ஒரு காலேஜ் ஒரு ராட்சசனைச் சாய்த்தால், தாராளமாகக் கைதட்டுங்கள். வீரர்களின் பெயரை மட்டும் அன்றைக்கே மனப்பாடம் பண்ணிவிடுங்கள். ஏப்ரலில் ஜெர்சி மாறிவிடும்.