மத்தித் திருவிழா

தெருப் பூனைகள் என் கீரைப் பாத்தியையும் ரோஜாத் தொட்டியையும் கழிப்பறை ஆக்கிவிட்டன. வரிதான் வசூலிக்க முடியவில்லை, விரட்டவாவது ஒரு வழி சொல்லுங்களேன்? – ஒரு வாசகி, காரைக்கால்

ரோஜாவுக்கு என்ன ஊற்றுகிறீர்கள்? மீன் கழுவின தண்ணீர்தானே! உங்கள் ஊரில் ஆனி மாதம் ஒருநாள் திருவிழாவில் மாடியிலிருந்து மாங்கனி வீசுவார்கள். உங்கள் வீட்டில் பூனைகளுக்குத் தினமும் மத்தித் திருவிழா. பந்தி விரித்துவிட்டு விருந்தாளி மேல் புகாரா?

இனி அரிசி கழுவின தண்ணீரை ஊற்றுங்கள். பூனைக்கு உங்கள் கீரை மேல் ஆசையும் இல்லை, பகையும் இல்லை; அதற்கு வேண்டியது பொலபொலவென்று காய்ந்த மண். தோண்ட லேசு, மூட லேசு. (நம்மில் சிலரைவிட அதற்கு நாகரிகம் அதிகம்.) விதைத்த கையோடு மண்ணை நனைத்து, மேலே கோழி வலையைப் படுக்க விரியுங்கள். வலை இல்லையா? எலுமிச்சை முள் குச்சிகளை நெருக்கிப் பரப்புங்கள். கால் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுத் தொட்டிக்குப் போய்விடும்.

பாச்சை உருண்டை மட்டும் வேண்டாம். பூனை தின்றால் அதன் ரத்தமும் ஈரலும் கெடும். 'சோற்றில் எதையாவது கலந்து வை' என்று யாராவது யோசனை சொன்னால், 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தைச் சொல்லிவையுங்கள். அது காரைக்காலிலும் செல்லும்.