மைனஸ் இருபத்தொண்ணு

நாமக்கல் பக்கம் பொழுது விடிந்தால் முட்டை விலை கேட்பார்கள். சேலத்துப் பக்கம், மேட்டூரில் 120 அடிக்கு எத்தனை அடி நிற்கிறது என்று பார்ப்பார்கள். இரண்டையும் பார்த்த பிறகும் எண் பசி அடங்காத ஒருவர் இப்போது ஊருக்கு ஊர் கிளம்பியிருக்கிறார். ராசிபுரத்தில் இருப்பார், ஆத்தூரில் இருப்பார், திருச்செங்கோட்டில் கட்டாயம் இருப்பார். பல் துலக்குவதற்கு முன்பே போனில் 192.168.1.1 என்று தட்டி மோடத்தின் வயிற்றைத் திறந்து, ஒயரில் வரும் வெளிச்சத்தின் அளவைப் பார்ப்பவர்.

"மைனஸ் இருபத்தொண்ணு! நேத்து மைனஸ் பத்தொம்பதுதான். எவனோ ஒயர்ல கை வெச்சிருக்கான்."

"ஏனுங்க, இருபத்தொண்ணுன்னா கூடத்தானுங்க?"

"மைனஸ் புள்ள, மைனஸ்! மூணு டெசிபெல் இறங்குனா வெளிச்சம் பாதியாயிரும்."

அந்த அம்மாளுக்கு சீரியல் ஓடுகிறதா என்பது மட்டும்தான் கணக்கு. ஓடுகிறது. அதுதான் இவருக்கு வருத்தம்.

இது நேற்று வந்த பழக்கமல்ல. பி.எஸ்.என்.எல். 2005-இல் பிராட்பேண்டு கொடுக்கத் தொடங்கியபோதே பிடித்தது. 256 கிலோபிட் வேகம் இருந்தாலே பிராட்பேண்டு என்று அரசு சொன்ன காலம். செம்புக் கம்பியில், இரைச்சலைவிட சிக்னல் எவ்வளவு ஓங்கி நிற்கிறது என்று காட்டும் எஸ்.என்.ஆர். ஆறுக்குக் கீழே இறங்கினால் இவருக்குச் சோறு இறங்காது. வழியில் சிக்னல் எவ்வளவு தேய்கிறது என்று காட்டும் அட்டென்யுவேஷனைப் பார்த்து, எக்ஸ்சேஞ்சிலிருந்து வீட்டுக்குக் கம்பி எவ்வளவு தூரம் வருகிறது என்று மதிப்புப் போடுவார். அது சரிதானா என்று டிவிஎஸ் ஐம்பதில் போய் அளந்தும் வருவார். இப்போது ஃபைபர். எஸ்.என்.ஆர். போய், வெளிச்சத்தை அளக்கும் டிபிஎம் வந்திருக்கிறது. ஆள் அதே ஆள்தான்.

மோடம் எண்ணிக் காட்டும் பிழைகளிலும் இவருக்கு ஜாதகம் உண்டு. கருவி தானே திருத்திக்கொண்டதை மன்னித்துவிடுவார். திருத்த முடியாமல் போனது மட்டும், லாரி பைனான்ஸ்காரர் கொடுத்த டைரியில் சிவப்பு மையில் ஏறும்.

நெட் திணறினால் கேபிள் ஆபீசில் சொல்வது ஒரே மருந்து: "ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." இவருக்கு ரத்தம் கொதிக்கும். "ஆஃப் பண்ணா கவுன்ட்டர் பூரா ஜீரோவாயிரும் தம்பி. அப்புறம் ஆதாரத்துக்கு நான் எங்க போறது?" பேரனுக்குக் கிரிக்கெட் நின்று நின்று வருகிறது; அடித்தது சிக்ஸரா அவுட்டா என்று தெரியவில்லை. தாத்தாவோ சுவிட்சுக்கு முன்னால் காவல் நிற்கிறார். நெட் போனால் நாளைக்கு வரும், போன பிழைக் கணக்கு வருமா?

கடைசியில் கேபிள் ஆபீஸ் லைன் தம்பியே வந்து டிவி ஸ்டாண்டை நகர்த்திப் பார்த்தான். பச்சைத் தலை வைத்த மஞ்சள் ஒயர், ஸ்டாண்டுக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கி மடிந்து கிடந்தது. கண்ணாடி இழை மடிந்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். முந்தின நாள் வீட்டம்மா ஒட்டடை அடித்திருக்கிறார். ஒயரை நிமிர்த்தியதும் மைனஸ் பத்தொம்பது. பெரியவர் ஒன்றும் பேசவில்லை. டைரியில் காரணம் என்ற இடத்தில், 'உள்வீட்டு விவகாரம்' என்று எழுதி மூடினார்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் வைக்கோல் பாரம் ஏற்றிய லாரி கம்பத்து ஒயரை இழுத்துக்கொண்டு போன ராத்திரி, லைன் தம்பி முதலில் கூப்பிடுவது இவரைத்தான். "ஐயா, சிவப்பு லைட் மினுக்குதுங்களா, இல்ல மைனஸ்ல ஏதாச்சும் காட்டுதுங்களா?" சிவப்பு மினுக்கினால் ஒயரில் வெளிச்சமே வரவில்லை, எங்கோ அறுந்திருக்கிறது; மைனஸ் இருபத்தேழு என்றால் ஒயர் முழுசாக இருக்கிறது, எங்கோ மடங்கியோ நசுங்கியோ கிடக்கிறது. பதில் சொல்ல இவர் எந்த நேரமும் தயார். அந்த ஒரு பதிலில் தம்பிக்குப் பாதி அலைச்சல் மிச்சம்.

உங்கள் தெருவில் நெட் நின்றால் முதலில் இவரைப் போய்ப் பாருங்கள். வேறு வேலை வைத்துக்கொண்டு மட்டும் போகாதீர்கள், 2005-லிருந்துதான் ஆரம்பிப்பார்.